ரயில் சலுகை கேட்கும் சங்கமும் ஏரி காக்கும் சங்கமும் ஏன் தனித்தனி?

கேள்வி (2025 மார்ச் 30)

அப்பா எங்கள் ஏரியா மூத்த குடிமக்கள் சங்கத்தில் இருக்கிறார். முன்பெல்லாம் ஓய்வூதியம், ரயில் சலுகை, கண் பரிசோதனை முகாம் என்று இருந்தார்கள். இப்போது சிலர் ஏரி, வெயில், குப்பைமேடு என்று மனு எழுதக் கிளம்பிவிட்டார்கள். எழுபது வயதில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டுமா? அவர்கள் தங்கள் உரிமையைக் கேட்கட்டும், சுற்றுச்சூழலை எங்கள் வயதுக்காரர்கள் பார்த்துக்கொள்கிறோம். இதில் என்ன தப்பு?

மார்ச் 30, இரவு

தம்பி, அப்பாவின் உடம்பு பற்றிய கவலை புரிகிறது. ஆனால் உரிமை இந்தப் பக்கம், ஏரி அந்தப் பக்கம் என்று நீங்கள் கோடு போட்ட இடம் சரியில்லை. நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், தாம்பரம் பக்கம் இருக்கிறேன், கோடு எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதான் வாழ்நாள் முழுக்க என் வேலை.

எழுபது வயது உடம்பு வெயிலை எப்படி வாங்குகிறது என்று உங்கள் குடும்ப டாக்டரைக் கேளுங்கள். வியர்ப்பது குறைகிறது, தாகம் எடுப்பதும் குறைகிறது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் நீரை வெளியே தள்ளுகின்றன. நாற்பது டிகிரி அடிக்கும் நாளில் ஏரியும் மரமும் இல்லாத தெருவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே படுத்திருக்கும் முதியவருக்கு ஏரி சுற்றுச்சூழல் விஷயமா, உயிர் வாழும் உரிமையா? நீங்களே சொல்லுங்கள்.

மார்ச் 31

மேலே எழுதியதைத் தூங்கும் முன் யோசித்துக்கொண்டிருந்தேன். ரயில் சலுகையைக் குறைத்துச் சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். 60 வயது ஆணுக்கு 40 சதவீதம், 58 வயதுப் பெண்ணுக்கு 50 சதவீதம் என்று இருந்ததை 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. இதற்காகப் போராடுகிறவர்கள் நியாயமாகப் போராடுகிறார்கள், நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

முதியோர் ஓய்வூதியத்தைப் பாருங்கள். 60 முதல் 79 வயது வரை மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய், 80-க்கு மேல் 500. பதினைந்து வருஷத்துக்கும் மேலாக அந்த 200 அப்படியே நிற்கிறது. மாநில அரசு தன் பங்கைப் போட்டு 2011-இல் 1,000 ஆக்கியது, 2023-இல் 1,200. தனியார் கம்பெனிகளில் உழைத்தவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி மூலம் வரும் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-இல் நிர்ணயித்த 1,000 ரூபாயிலேயே கிடக்கிறது.

இதையெல்லாம் கேட்கத்தான் வேண்டும். இதோடு ஏன் நிற்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

ஏப்ரல் 2

வெயிலுக்காக அரசு மேல் வழக்குப் போட்ட சுவிட்சர்லாந்துப் பாட்டிகள் பற்றி விவரமாக எழுதுங்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

2016-இல் 64 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள், பெயர் கிளிமா சீனியோரின்னென். 64 என்பது அப்போது அங்கே பெண்களின் ஓய்வு வயது. வெப்ப அலையில் அதிகம் சாவது வயதான பெண்கள் என்று கணக்கு இருக்கிறது, அரசு கரியமில வாயுவைக் குறைக்கத் தேவையான அளவு செய்யவில்லை, ஆகவே எங்கள் உயிர் உரிமையை மீறுகிறது என்பது அவர்கள் வாதம். சுவிஸ் அரசு மனுவைத் தள்ளியது. 2018-இல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் தள்ளியது, 2020-இல் உச்ச நீதிமன்றமும் தள்ளியது. விடவில்லை, ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 ஏப்ரல் 9-ஆம் தேதி 17 நீதிபதிகள் கொண்ட பெரிய அமர்வில் 16 பேர் பாட்டிகள் பக்கம்.

எனக்கு முக்கியமாகப் பட்ட இடம் வேறு. தனித்தனியாக வழக்குப் போட்ட நான்கு பெண்களின் மனுக்களை அந்த நீதிமன்றம் ஏற்கவில்லை, சங்கத்தின் மனுவைத்தான் ஏற்றது. தனி ஆளுக்குத் திறக்காத கதவு சங்கத்துக்குத் திறந்தது. நம் ஊரில் இத்தனை ஓய்வூதியர் சங்கங்கள், மூத்த குடிமக்கள் மன்றங்கள், குடியிருப்போர் நலச்சங்கங்கள் பதிவு எண்ணும் முத்திரையுமாக இருக்கின்றன. அந்த முத்திரையை ஆண்டு விழா அழைப்பிதழுக்கு மட்டுமா பயன்படுத்துவது?

ஏப்ரல் 2, கொஞ்ச நேரம் கழித்து

மதுரைக்காரர் ஒருவர், "சுவிஸ் பாட்டிகளுக்கு வருஷத்தில் நாலு நாள் வெயில், அதற்கே வழக்கு. நம் அப்பத்தாக்கள் வழக்குப் போட ஆரம்பித்தால் கோர்ட்டுக்கு விடுமுறையே கிடையாது" என்று எழுதியிருக்கிறார். சிரித்தேன். போடட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன்.

ஏப்ரல் 5

"வெளிநாட்டில் நடக்கும், இங்கே நடக்குமா" என்று கேட்டவருக்கு:

அந்தப் பெண்கள் சங்கம் தொடங்க இருபது வருஷத்துக்கு முன்பே நாகப்பட்டினம், தஞ்சாவூர்க் கடலோரத்தில் நடந்துவிட்டது. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன், 1914-இல் பிறந்தவர். வயலை உப்பாக்கி, குடிநீரைக் கெடுத்து, தெருவில் நடக்கக்கூட வழியில்லாமல் இறால் பண்ணைகள் பரவியபோது அவரும் மனைவி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் ஊர் ஊராகப் போனார்கள், சத்தியாகிரகம் செய்தார்கள், அப்புறம் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பு வந்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை அகற்ற வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்றது. ஜெகந்நாதனுக்கு அப்போது 82 வயது. கிருஷ்ணம்மாளுக்கு எழுபது.

அந்த அம்மா அதோடு நிற்கவில்லை. நிலமில்லாத தலித் பெண்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கும் வேலையைத் தொடர்ந்து செய்தார். 2008-இல் மாற்று நோபல் என்று சொல்கிற ரைட் லைவ்லிஹுட் விருது இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது.

இயற்கை விவசாயத்துக்காக ஊர் ஊராகப் பேசிய நம்மாழ்வாரையும் சொல்ல வேண்டும். 2013 டிசம்பர் 30, பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் இறந்தார். மீத்தேன் திட்டத்துக்கு எதிராக டெல்டா கிராமங்களில் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வயது எழுபதைத் தாண்டிவிட்டது, உடம்புக்கும் முடியவில்லை. வீட்டில் இருந்திருக்கலாமே என்று அவரிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த சட்டம் 2020-இல் வந்தபோது பார்க்க அவர் இல்லை.

ஏப்ரல் 6

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. தீர்ப்பு வந்தவுடன் கதை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இறால் தீர்ப்பு முழுதாக அமலாகவே இல்லை, 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனிச் சட்டமே கொண்டுவந்து பண்ணைகளுக்கு வழி திறந்துவிட்டார்கள். சுவிஸ் நாடாளுமன்றமும் 2024 ஜூனில் ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பை ஏற்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டது. அங்கேயும் பாட்டிகள் இன்னும் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஓய்வு பெற்றவர்கள் இதில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். வேலைக்குப் போகும் பிள்ளை ஒரு சனிக்கிழமை வந்து ஏரியில் பிளாஸ்டிக் பொறுக்கிப் படம் எடுத்துப் போடலாம், நல்லதுதான், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு எந்த மேஜைக்குப் போனது என்று வாரா வாரம் போய்க் கேட்க யாரால் முடியும்? மனுவுக்கு ரசீது வாங்கு, எண்ணைக் குறித்து வை, முப்பது நாளில் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேள், மேல்முறையீடு போ. இந்த வேலைக்கு வேகம் வேண்டாம், விடாமல் போக வேண்டும். அலுவலகத்துக்குள் முப்பது வருஷம் இருந்தவனுக்குக் கோப்பு எங்கே தூங்கும் என்று தெரியும்.

ஏப்ரல் 9

எங்கள் ஏரியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை, விவகாரம் இன்னும் ஓடுகிறது.

கிராமத்து நில விவரம் எழுதிவைக்கும் அ-பதிவேட்டில் ஏரி என்றும், வரத்துக் கால்வாய்க்குத் தனிப் புல எண்ணில் வாய்க்கால் புறம்போக்கு என்றும் தெளிவாக இருக்கிறது. ஒவ்வொரு புல எண்ணையும் அளந்து வரைந்த புலப்படத்தில் அளவு இருக்கிறது. தரையில் போய்ப் பார்த்தால் கால்வாய் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சுற்றுச்சுவருக்குள் போய் மறைகிறது, மறுபக்கம் வெளியே வரவில்லை. 2015 டிசம்பரில் அந்தத் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி எங்கள் தெருவுக்கு வந்தது. கட்டிலோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோன முதியவர்கள் எத்தனை பேர்! படகு வந்தபோது ஏற முடியாமல் நின்றவர்களும் அவர்கள்தான்.

ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகும் கலங்கல் எங்கே இருந்தது, எந்த மதகில் எந்த மாதம் தண்ணீர் திறப்பார்கள், எந்தப் பக்கம் கரை பலவீனம் என்பதெல்லாம் அந்த ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த பழைய ஆயக்கட்டு விவசாயிகளுக்குத் தெரியும். எங்கள் பகுதியில் அப்படி மிச்சம் இருப்பவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களை உட்கார வைத்துக் கேட்டு வரைந்த படமும் என் புலப்படமும் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தின. மனுவோடு இரண்டையும் இணைத்தோம்.

ஏப்ரல் 10

நேற்று எழுதியதில் பாதிதான் இருக்கிறது, மீதி எழுதாமல் விட்டால் மனசு கேட்காது.

மனு வேலை செய்தது. இயந்திரம் வந்தது. ஆனால் வந்த இயந்திரம் கரையோரக் குடிசைகளை மட்டும் இடித்துவிட்டுப் போனது. சுற்றுச்சுவர் அப்படியே நிற்கிறது. புலப்படத்தில் குடிசைக்கும் சுவருக்கும் ஒரே கோடுதான், நான் அளந்து பார்த்தவன் சொல்கிறேன். இடித்த குடிசைகளில் ஒன்றில் இட்லி சுட்டு விற்கும் ஓர் அம்மா இருந்தார், எழுபதுக்கு மேல், தனி ஆள். வாரியக் குடியிருப்பில் மேல் மாடியில் வீடு கொடுத்தார்கள். பெரும்பாக்கம், செம்மஞ்சேரி பக்கம் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், மின்தூக்கி நின்றுவிட்டால் முழங்கால் வலிக்காரர் வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். வாடிக்கை போனது, பிழைப்பு போனது. முகவரி மாறியதால் அவருடைய முதியோர் ஓய்வூதியமும் நின்றுவிட்டது. இந்த அலுவலகத்தில் கேட்டால் அந்த வட்டம் என்கிறார்கள், அங்கே கேட்டால் பழைய வட்டத்திலிருந்து கடிதம் வர வேண்டும் என்கிறார்கள்.

ஏரியைக் காப்பாற்றுவது அந்த அம்மாவைத் தூக்கி எறிந்துதான் நடக்கும் என்றால் அந்தப் பாதுகாப்பு எனக்கு வேண்டாம் என்று சங்கத்திலேயே எழுந்து சொன்னேன். சிலர் ஏற்றுக்கொண்டார்கள். சிலருக்கு இன்னும் கோபம்.

ஆகவே தம்பி, நீங்கள் கேட்டதற்கு என் முழுப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஓய்வூதியச் சங்கமும் ஏரிச் சங்கமும் ஒன்றாக இருந்திருந்தால் அந்த மனுவிலேயே எழுதியிருப்பார்கள்: பெரிய ஆக்கிரமிப்பை முதலில் எடு, வீடு இழக்கும் முதியவருக்குப் பக்கத்திலேயே தரைத்தளத்தில் இடம் கொடு, ஓய்வூதியம் ஒரு மாதம்கூட நிற்கக் கூடாது. ஏரிக்காரர்களுக்கு ஓய்வூதியம் எப்படி நிற்கும் என்று தெரியாது. ஓய்வூதியக்காரர்களுக்கு ஏரி மனு போவதே தெரியாது. நடுவில் போனவர் அந்த அம்மா.

ஏப்ரல் 13

இந்தியாவில் நீதிமன்றம் காலநிலை பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞர் மாணவி கேட்டிருக்கிறார். 2024 மார்ச் 21, எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கு. ஓய்வு பெற்ற ஐஏஎஸ் அதிகாரி, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உருவானதில் பெரிய பங்கு உள்ளவர், எண்பதை ஒட்டிய வயதில் கானமயில் என்ற அரிய பறவையைக் காப்பாற்ற வழக்குப் போட்டார். கானமயில் மின்கம்பியில் மோதிச் சாகிறது, கம்பியைப் பூமிக்கு அடியில் போடு என்பது கோரிக்கை. மேலே கம்பி இழுக்கக் கூடாது என்று முன்பு கிடைத்த தடையைச் சூரிய மின்சாரத்தின் தேவையைச் சொல்லி நீதிமன்றம் தளர்த்திவிட்டது. ஆனால் அதே தீர்ப்பில், காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காப்பாற்றப்படும் உரிமை அரசியல் சாசனத்தின் 14, 21 பிரிவுகளில் அடங்கியிருக்கிறது என்று சொன்னது. அவர் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை, நமக்கெல்லாம் ஒரு பிடிமானம் கிடைத்தது.

மே 2

சொந்த ஊருக்கு மே 1 கிராம சபைக்குப் போய் வந்தேன், திருவண்ணாமலை மாவட்டம். இதுவரை எழுதியதெல்லாம் நகரத்துப் படித்த ஓய்வூதியர்களைச் சுற்றியே போய்விட்டது என்று அங்கே உட்கார்ந்திருந்தபோது உறைத்தது.

நூறு நாள் வேலைக்கு வருகிறவர்களைப் பாருங்கள். பெரும்பாலும் பெண்கள், அதில் அறுபதைத் தாண்டியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் செய்யும் வேலை என்ன? குளம் வெட்டுவது, வரத்துக் கால்வாய் தூர் எடுப்பது, கரை போடுவது, மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது. இந்த மாநிலத்தின் நீர்நிலைகளைக் கையால் காப்பாற்றுகிறவர்கள் அந்தக் கிழவிகள்தான். 2025-26-க்குத் தமிழகத்துக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய், அதுவும் அளந்த அளவு மண் வெட்டினால்தான் முழுதாக. நிலுவைக் கூலி 4,034 கோடி ரூபாய் மத்திய அரசிடமிருந்து வரவில்லை என்று மார்ச்சில் ஊர் ஊராக ஆர்ப்பாட்டம் நடந்ததே, அந்தப் பணம் இவர்களுடையது.

கிராம சபையில் என் பெரியம்மா முறை ஆகும் ஒருவர் எழுந்து கேட்டார்: "வெயில் காலத்துல காலைல ஏழு மணிக்கு வேலைய ஆரம்பிச்சு பதினொன்றுக்கு முடிச்சா என்னய்யா? ஏரிக்கரைல ஒரு கீத்துப் பந்தல் போட்டா என்னய்யா?" தீர்மானப் புத்தகத்தில் அதை எழுத வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். சங்கம், பதிவு எண், வழக்கறிஞர் எதுவும் இல்லாமல் முதியோர் உரிமையும் சுற்றுச்சூழலும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன.

மே 4

பிள்ளைகளுக்குச் சொத்தை எழுதிக் கொடுத்தது பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நாம் பேசிக்கொண்டிருப்பதற்குத் தூரமான விஷயம், ஆனாலும் சுருக்கமாக: 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. 23-ஆம் பிரிவில் தான செட்டில்மென்டை ரத்து செய்யக் கேட்கலாம். பராமரிப்பு நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது, 2025 ஜனவரியில் இன்னும் தாராளமாக அந்தப் பிரிவைப் பொருள் கொண்டது. எப்படியும், இனிமேல் எழுதுகிறவர்கள் "என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற வரி இல்லாமல் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மே 11

கத்திரி வெயில். இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் மதியம் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. தகரக் கூரை. எல்லோரும் "வயசாயிடுச்சு, நல்ல சாவு" என்றார்கள். எனக்கு அதைக் கேட்கத் தாங்கவில்லை.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. வெப்பத்தால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம். நல்ல அறிவிப்பு, வரவேற்கிறேன். ஆனால் வெயிலால் இறந்தார் என்று சான்று வேண்டுமே? வீட்டில் இறக்கும் முதியவரை மாரடைப்பு என்றோ மூப்பு என்றோ எழுதிவிட்டுப் போகிறார்கள். எண்ணிக்கையில் வராத சாவுக்கு எந்த அரசும் பயப்படாது. 2003-இல் பிரான்சில் ஒரே கோடையில் சுமார் 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். எண்ணினார்கள், அதனால் அந்தச் சாவுகள் அரசியலில் பெரிய விஷயமாயின. அப்புறம் ஒவ்வொரு ஊராட்சியிலும் தனியாக இருக்கும் முதியவர்களின் பதிவேடு வைத்து, வெப்ப நாட்களில் கூப்பிட்டு விசாரிக்கும் ஏற்பாடு வந்தது.

நாமும் நம் வயதுச் சாவுகளை எண்ணச் சொல்லிக் கேட்க வேண்டும். சலுகை கேட்பதற்கு முன்னால் இது.

ஜூன் 8

குடிசை இடிப்பு பற்றிச் சங்கத்தில் எழுந்து பேசிய அந்தப் பேச்சுக்குப் பிறகு எங்கள் பகுதியில் மூன்று சங்கங்கள் சேர்ந்து ஒரே மனு எழுதினோம். சுற்றுச்சுவருக்குள் போன கால்வாய், வார்டு வாரியாகத் தனித்து வாழும் முதியவர் பட்டியல், பேருந்து நிறுத்தத்தில் கூரையும் குடிநீரும், குடியமர்த்தப்பட்டவர்களின் ஓய்வூதியம் நிற்காமல் மாற்றுவது, வெப்பச் சாவைப் பதிவு செய்யும் முறை எல்லாம் ஒரே தாளில். இப்படிக் கலந்து எழுதினால் எந்தத் துறைக்கும் போகாது என்று பழைய சகா ஒருவர் எச்சரித்தார். அவர் சொல்வதில் அனுபவம் இருக்கிறது. ஆகவே மேலே ஒரே முகப்புக் கடிதம், கீழே துறை வாரியாகத் தனித்தனி இணைப்பு, ஒவ்வொன்றுக்கும் தனி ரசீது. ஆனால் எல்லாவற்றிலும் எல்லோருடைய கையெழுத்தும்.

ஜூலை 20

இட்லி அம்மாவுக்கு ஓய்வூதியம் திரும்ப வர ஆரம்பித்துவிட்டது, நின்ற மாதங்களின் பணம் இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம். சுவருக்குக் கூட்டு அளவை போட்டிருக்கிறார்கள். பேருந்து நிறுத்தம் பற்றிப் பதிலே இல்லை. வார்டுப் பட்டியலுக்கு நிதி இல்லை என்றார்கள், நிதி எதற்கு என்று நாங்களே எடுக்க ஆரம்பித்துவிட்டோம். கேள்வி கேட்ட தம்பி இந்த ஞாயிறு ஊர் வந்தால் இரண்டு தெரு எடுத்துக்கொள்ளலாம், மாடி ஏற எங்களில் பலருக்கு முடியவில்லை.

படிவம் கேட்டவர்களுக்கு: பெயர், வயது, எத்தனாவது மாடி, கூரை என்ன வகை, மின்விசிறி ஓடுகிறதா, தினமும் சாப்பிடும் மருந்து, எந்த ஓய்வூதியம், எந்த மாதம் வரை வந்தது, அவசரத்துக்குக் கூப்பிட யார். சிலர் கூரை வகை எதற்கு என்று கேட்டு அந்தப் பத்தியை அடித்துவிட்டார்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள், வெயில் நாளில் முதலில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.